டாக்டருக்குப் படிக்க வயசா தடை?

செம்பாக்கத்தில் இருக்கும் என் ஓரகத்திக்கு முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகள். டாக்டருக்குப் படிக்க ஆசை. "பொண்ணுக்குப் பாடம் சொல்லித் தர்ற வயசுல உனக்கு எதுக்குடி பரீட்சை?" என்கிறார் மாமியார்.

வயது தடையே இல்லை. நீட்டுக்கு இருந்த உச்ச வரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். இடிப்பது பாடம்தான். பிளஸ் டூவில் அவள் கம்ப்யூட்டர் குரூப். பௌதிகமும் ரசாயனமும் உண்டு, உயிரியல் கிடையாது. முன்பு அத்தோடு கதை முடிந்திருக்கும். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிவிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகும், அங்கீகாரமுள்ள போர்டில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுக்கலாம். கோச்சிங்குக்கு வளையலை அடகு வைக்குமுன் இதை முடி என்றேன்.

1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் மேரி ஷார்லீப் ஒரு வக்கீலின் மனைவி, பிள்ளை பெற்றவர். அதை மாமியாரிடம் சொன்னேன். "அவ வெள்ளைக்காரி, வீட்டுல சமையல்காரன் இருந்திருப்பான்" என்றார். அதுவும் நியாயம்தானே! சீட்டு கிடைத்தாலும் ஐந்தரை வருஷம் அடுப்படியை யார் பார்ப்பது? என் கொழுந்தன் இன்னும் வாய் திறக்கவில்லை.

சேர்க்கைக்குப் போட்டோ வேண்டுமாம். எந்தப் புடவை கட்டலாம் என்று நேற்று போன் பண்ணினாள்.