ஒரு வாவியும் அதன் பெயரும்

ரொறன்ரோவில் வளரும் என் மருமகன் அண்மையில் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். கற்பனை உலகமொன்றை அவன் எழுத்தில் படைத்துக்கொண்டிருக்கிறான். அதில் மலைகள் உண்டு, கோட்டைகள் உண்டு, நடுவே பெரியதொரு ஏரியும் உண்டு. "மாமா, ஏரிக்குப் பேர் வச்சிட்டன். அந்தப் பேர் எப்பிடி வந்ததெண்டு ஒரு கதை வேணும். எங்கட வாவிக்கு எப்பிடிப் பேர் வந்தது?"

முப்பது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் எழுதி வருபவன் நான். விடை சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன். இதே கேள்விக்கு ஒரு காலத்தில் அளவுக்கு மீறிய துணிவோடு விடை எழுதியவன் என்பதே காரணம்.

நான் பிறந்த செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே போனால் கறுத்தப்பாலம், அதற்கப்பால் பன்குடாவெளி. வடக்கே இப்பகுதியில் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. பழைய மரபொன்று, தோணியில் வந்தவர்கள் களப்பின் எல்லையை, அதாவது மட்டை, அடைந்து குடியேறியதால் இப்பெயர் வந்தது என்கிறது. சிங்களத்தில் இவ்வூர் 'மடகலப்புவ'. 'மட' என்றால் சேறு. ஆகவே சேற்றுக் களப்பு என்பது அவர்கள் கொள்ளும் பொருள். போர்த்துக்கீசர் நாவில் மகரம் பகரமாகிப் பின்னாளில் 'பட்டிக்கலோ' ஆயிற்று.

தொண்ணூறுகளில் இளம் நிருபனாக இருந்தபோது, முதலாவது விளக்கமே உண்மை, மற்றது திரிபு என்று நீண்ட கட்டுரை எழுதினேன். என்னிடம் புதிய சான்று ஏதுமில்லை. கோபம் மட்டுமே இருந்தது. ஒரு சொல்லின் வேரை நிறுவிவிட்டால் மண்ணின் உரிமையும் நிறுவப்பட்டுவிடும் என்று நம்பிய காலம் அது. எதிர்த்தரப்பில் எழுதியவர்களும் அதையே நம்பினார்கள்.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்தம் வந்தபின் கறுத்தப்பாலத்தைக் கடந்து பன்குடாவெளிப் பக்கம் போனேன். எழுவான்கரை இராணுவத்திடமும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடமும் இருந்த நாட்கள். பாலத்துக்கு அப்பாலுள்ள நிலத்தை அரசின் சொல்லில் 'விடுவிக்கப்படாத பகுதி' என்று நாங்களும் எழுதிப் பழகியிருந்தோம். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பெயர்க் காரணம் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"எங்களுக்கு இது ஆறு மனே. வெயில் எழும்புற பக்கம் எழுவான்கரை, படுற பக்கம் படுவான்கரை. தோணிக்காரனுக்கு இது காணாதா?"

சிறுவயது முதல் நான் உச்சரித்து வந்த இரு பெயர்கள்தான் அவை. ஒரு கரையில் நிற்பவனுக்கு எதிர்க்கரை ஒன்றுதான் தெரியும். நடு நீரில் தோணியில் இருப்பவனுக்கே இரு கரைகளும் சமமாகத் தெரியும். சூரியன் ஒன்றில் எழுந்து மற்றதில் படுவதும் தெரியும். பெயர் வைத்தவன் நீரில் இருந்திருக்கிறான். கரையில் நின்று வழக்காடியவர்கள் நாங்கள்.

இன்னொன்றும் உண்டு. இவ்வூரை உலகம் 'மீன் பாடும் தேன்நாடு' என்று அறியும. 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற், இரவில் வாவியில் வள்ளமேறி, நீருக்கடியிலிருந்து எழும் மெல்லிய ஒலியைக் கேட்டுத் தம் இலங்கை நூலில் வியந்து எழுதினார். மீனவர்கள் அதற்குச் சொன்ன பெயரையும் கேட்டு எழுதிவைத்தார். அப்பெயரில் மீனுமில்லை, பாட்டுமில்லை. குளறுகின்ற ஊரி என்பதே அதன் பொருள். ஊரி என்பது நீரில் வாழும் சங்கினம். குளறுதல் என்றால் எங்கள் பேச்சில் வாய்விட்டு அழுதல்.

அந்நியர் காதில் இசையாக விழுந்தது, அந்நீரிலேயே பிழைத்தவர் காதில் அழுகையாக விழுந்திருக்கிறது. 1990க்குப் பின் இவ்வாவிக் கரையில் பிள்ளைகளைத் தேடி அழுத தாய்மாரைக் கண்டு எழுதியவன் என்பதால், பழைய பெயரை என்னால் இலகுவாகக் கடந்துபோக முடியவில்லை.

2007இல் படுவான்கரையும் அரசின் கைக்கு வந்தது. 'விடுவிக்கப்படாத பகுதி' என்ற சொல் வழக்கொழிந்தது. படுவான்கரை என்ற பெயர் இருக்கிறது.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. "அப்ப நான் என்ன எழுதிறது மாமா?" என்றான்.

"உன்ர ஏரியில ஆர் தோணி வலிக்கினம் எண்டு முதல்ல யோசி. பேரை அவையளிட்டக் கேள்."

சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, தன் ஏரியில் இதுவரை ஒரு தோணிகூட இல்லை என்றான்.