நாளை விடியலுக்கான பெலன்



கடந்த ஆகஸ்ட் மாதம் நாம் கேவலார் அன்னையின் திருத்தலத்திற்குத் திருயாத்திரை சென்றபோது நிகழ்ந்த ஒன்றை, உரியவரின் அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

அத்திருத்தலத்தின் படத்தை அருகில் நின்று பார்த்தவர்கள் வியந்திருப்பீர்கள். உள்ளங்கை அளவே உள்ள, தாளில் அச்சிட்ட சிறுபடம் அது. 1642ஆம் ஆண்டு, முப்பதாண்டுப் போர் இன்னும் ஓயாத நாள்களில், ஹென்ட்ரிக் புஸ்மான் என்ற வணிகர் எழுப்பிய சிறு மாடத்தில் அது வைக்கப்பட்டது. துன்புறுவோரின் ஆறுதல் என்பதே அங்கு அன்னையின் பெயர். போரினால் பெயர்ந்து வந்த நமக்கு அது அந்நியமான பெயர் அன்று.

திருப்பலி முடிந்து வெளியே நின்றிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த சகோதரி ஒருவர் அருகில் வந்தார். அவருடைய கணவர் பாரிசவாதத்தால் மூன்று ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். பகலெல்லாம் அவரைப் பராமரித்துவிட்டு, மாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்குச் செல்பவர் இவர்.

"மூண்டு வருஷமா மன்றாடுறன் சுவாமி. ஒண்டும் மாறேல்லை" என்றார்.

"எல்லாவற்றிலும் இறைவனின் திட்டம் இருக்கிறது, பிள்ளை" என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிச் சொல்லி என் நாவில் தேய்ந்துபோன வாக்கியம்.

அவர் கோபப்படவில்லை. "திட்டம் இருக்கட்டும் சுவாமி. நாளைக்கு விடிய அவரைத் தூக்கி இருத்த எனக்குப் பெலன் வேணும். அதைத்தான் கேக்கிறன்" என்றார்.

தேவ இஷ்டப்பிரசாதம், உதவி வரப்பிரசாதம் எனச் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோம் அல்லவா? குருமடத்தில் அவற்றை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் படித்தேன். அந்த இரண்டாவது சொல்லின் பொருளை அன்று அவர் எனக்குச் சொல்லித் தந்தார்.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். தம் உடலில் தைத்த முள்ளை அகற்றுமாறு பவுலடியார் மூன்று முறை கேட்கிறார். முள் அகலவில்லை; அதைத் தாங்கும் அருளே வாக்களிக்கப்படுகிறது. அந்த முள் யாதென அவர் சொல்லவுமில்லை. ஒலிவ மலையில் நம் ஆண்டவரும் துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி மன்றாடினார். கிண்ணம் அகலவில்லை, அவரைத் திடப்படுத்த வானதூதர் வந்ததாக லூக்கா எழுதுகிறார். ஆண்டவரே இவ்வாறு மன்றாடியிருக்க, துன்பத்தில் மீண்டும் மீண்டும் கேட்பவரை விசுவாசக் குறைவுள்ளவர் என நாம் எப்படிச் சொல்லத் துணிகிறோம்? நானே அப்படி மறைமுகமாகச் சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

வானதூதரின் வேலை பிறரைத் திடப்படுத்துவதென்றால், அதில் சிறுபங்கு நம்மாலும் இயலும். இப்போது செவ்வாய்க்கிழமை காலைகளில் நற்கருணையுடன் அவ்வீட்டிற்குச் செல்கிறேன். முதலில் அவரை நிமிர்த்தி இருத்த வேண்டும். அதற்கு இருவர் தேவை. என் முதுகும் அறுபதைக் கடந்துவிட்டது. வியாழன் காலைகளில் அச்சகோதரிக்குத் துணை எவருமில்லை. ஏழு மணிக்கு வரக்கூடியவர்கள், ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள்.

செபத்தில் இணைந்து,
உங்கள் பங்குத்தந்தை