கண்ணிகளுக்கு நடுவே

அப்பாவின் வாட்சு இன்றைக்கும் ஓடுகிறது. அறுந்தது செயின்தான்.

ஹெச்.எம்.டி. வாட்சு. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்தது. 2016இல் அந்த வாட்சு நிறுவனத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் எப்போதும் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். அந்த ஈரத்துக்கும் வேர்வைக்கும் தோல்வார் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் ஸ்பிரிங் செயின் மாட்டினார். கையை நுழைத்தால் விரியும், விட்டால் சுருங்கும். கழற்றும்போதெல்லாம் மணிக்கட்டு முடியைக் கவ்விப் பிடுங்கும். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே கழற்றுவார். அவர் போன பிறகு பீரோவிலிருந்து வாட்சை எடுத்தபோது அந்தச் செயின் இரண்டு துண்டாகக் கிடந்தது.

கோவை டவுன்ஹால் பக்கம் போனால் 18 மில்லிமீட்டர் ஸ்டீல் செயின் சுலபமாகக் கிடைக்கும். போனேன், பார்த்தேன். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த கண்ணிகள். கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம். அப்பாவின் வாட்சுக்கு அதை மாட்ட எனக்கு மனசு வரவில்லை. வெள்ளியில், கையால் செய்த செயின்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. செல்வபுரத்தில் அம்மாவின் நகைகளுக்குப் பற்றவைத்துக் கொடுக்கும் ஆசாரியண்ணனிடம் போய் நின்றேன்.

"ஏனுங்கண்ணா, இதுக்கொரு செயின் பண்ணோணும். பண்ணும்போது நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கலாங்களா?"

வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்தா ஒண்ணும் புரியாதுங்க அம்மிணி. கம்பியப் புடிச்சு இழுங்க, அப்பத்தான் தெரியும்" என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில். பட்டறை என்றால் பத்துக்குப் பத்து அறை. தரையில் ஒரு தாழ்ந்த மேசை, மடியில் விரித்துக்கொள்ள ஒரு துணி. அரத்தூள் அதில் விழும். அந்தத் துணியை உதறுவதற்கென்று ஒரு தட்டு உண்டு. தரையைக் கூட்டிய குப்பையைக்கூட வெளியே கொட்டமாட்டார்கள். அதை விலைக்கு வாங்கிப்போய்க் கழுவிப் பொன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டறைகள் நெருங்கிய வீதிகளில் சாக்கடை மண்ணை அள்ளி அரித்துப் பிழைப்பவர்களைக் கோவைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பெரிய கடைவீதி, வைசியாள் வீதி, இடையர் வீதி, தெலுங்குபாளையம், செல்வபுரம் என்று இந்த ஊரின் பாதி பழைய வீதிகளில் பொன் தூளாகக் கலந்திருக்கிறது.

முதல் வேலை கம்பி இழுப்பது. கம்பியச்சு என்பது ஒரு எஃகுத் தகடு. வரிசையாகத் துளைகள், ஒன்றைவிட ஒன்று சிறியது. கம்பியின் முனையை அரத்தால் கூராக்கித் துளையில் நுழைத்து, மறுபக்கம் குறடால் கவ்வி இழுக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் கம்பி கொஞ்சம் மெலியும், கொஞ்சம் நீளும். கூடவே கொஞ்சம் இறுகும். நாலைந்து துளை தாண்டினால் முறுக்கேறிப்போய் ஒடியத் தயாராக இருக்கும். அப்போது நெருப்பில் காட்டி மங்கலான சிவப்புக்குக் கொண்டுவந்து ஆறவிட்டால் மறுபடி இளகும். நான் அவசரப்பட்டு ஒரு துளை கூடுதலாக இழுத்தேன். கம்பி பட்டென்று அறுந்து முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டேன். ஆசாரியண்ணன் ஒன்றும் சொல்லாமல் அறுந்த துண்டுகளை எடுத்து உருக்கும் கிண்ணத்தில் போட்டார்.

அடுத்தது வளையம். ஒரு எஃகுக் குச்சியில் கம்பியைச் சுருளாகச் சுற்றி, நீளவாக்கில் அறுத்தால் வளையங்கள் உதிரும். ஒரு வளையத்தை எப்படித் திறப்பது என்பதற்கே ஒரு முறை இருக்கிறது. இரண்டு முனைகளையும் வெளிப்பக்கமாக விரித்தால் வட்டம் கெட்டுப்போகும், திரும்ப வராது. ஒரு முனையை முன்னால், ஒரு முனையைப் பின்னால், கதவு திறப்பதுபோலத் திருக வேண்டும். மூடும்போது அதே வழியில் திரும்பினால் முனைகள் இரண்டும் முத்தமிட்டு நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கோடுகூடத் தெரியக்கூடாது. இடைவெளி இருந்தால் பொடி அதை நிரப்பாது. பற்றவைக்கும் உலோகத்தைப் பட்டறையில் பொடி என்றுதான் சொல்கிறார்கள். வெங்காரத்தைக் குழைத்துத் தடவி, கடுகைவிடச் சிறிய துணுக்கைச் சாமணத்தால் வைத்து, தீயைக் காட்ட வேண்டும். வெள்ளி 961 டிகிரியில் உருகும். பொடி அதற்குக் கீழே உருகிவிட வேண்டும். அந்த இடைவெளிக்குள்தான் முழு வேலையும். ஒரு நொடி பிந்தினால் வளையமே சுருண்டு உருண்டையாகிவிடும். முதல் நாள் நான் செய்த பன்னிரண்டில் ஏழு உருண்டையாகிவிட்டன.

சங்கிலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோத்துக்கொண்டே போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பாதி வளையங்களைத் தனித்தனியாக மூடிப் பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு மூடிய இரண்டைத் திறந்த ஒன்றால் இணைத்தால் மூன்று. இரண்டு மூன்றுகளை இன்னொன்றால் இணைத்தால் ஏழு. ஒவ்வொரு முறையும் புதுப் பற்றுக்குக் காட்டும் தீ பழைய பற்றை இளக்கிவிடாதபடி, பழைய பற்றுகளைத் தீயிலிருந்து விலக்கித் திருப்பி வைக்க வேண்டும். அவர் விரல்கள் அதை யோசிக்காமல் செய்யும்.

இருபது கண்ணி ஆனதும் அதை வாங்கித் தன் உள்ளங்கையில் மேலிருந்து கொட்டினார். சங்கிலி தண்ணீர் மாதிரி குவியவில்லை. ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. "ஆட்டம் பத்தலைங்க" என்றார்.

அந்தச் சொல்லை அப்பா வாயில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பேரிங்கில் ஆட்டம் வந்திருச்சு, தண்டில் ஆட்டம் இருக்கு என்பார். அவருக்கு ஆட்டம் என்றால் தேய்மானம், குறை. ஆசாரியண்ணனுக்கோ அதுதான் சங்கிலியின் உயிர். கம்பியின் பருமனுக்கும் வளையத்தின் உள்விட்டத்துக்கும் உள்ள கணக்கில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கம்பி ஒரு மில்லிமீட்டர் என்றால் உள்விட்டம் மூன்று வைத்துப் பாருங்கள்: சங்கிலி துணிபோல விழும். இரண்டரைக்குக் குறைத்தால் விறைக்க ஆரம்பிக்கும். நாலுக்கு மேல் போனால் தொளதொளவென்று சிக்கிக்கொள்ளும். உலோகத்தைவிட, உலோகம் இல்லாத இடத்தைத்தான் அவர் அளந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து யார் கழுத்தில் சங்கிலியைப் பார்த்தாலும் என் கண் அந்த இடைவெளிகளுக்குத்தான் போகிறது.

அம்மாவின் சங்கிலி ஏன் ஓயாமல் அறுந்தது என்பதும் இந்தக் கணக்கில்தான் எனக்குப் புரிந்தது. நகைச்சீட்டுக் கட்டி எடுத்த ஒரு பவுன் சங்கிலி. பெரியம்மாவினுடையது நாலு பவுன். ஒரே மாதிரிக் கண்ணி, ஒரே 18 அங்குல நீளம். ஒரு நாள் இரவு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கண்ணி ஒவ்வொன்றும் சங்கிலிக்குக் கொடுக்கும் நீளம் அதன் உள்விட்டம்தான். கம்பியைப்போல மூன்று மடங்கு உள்விட்டம் என்றால், 22 காரட்டில் நாலு பவுனுக்குக் கம்பி சுமார் 1.1 மில்லிமீட்டர், கண்ணி ஏறக்குறைய 138. ஒரு பவுனுக்குக் கம்பி 0.55 மில்லிமீட்டர், கண்ணி 277. எடை நாலில் ஒன்றாகக் குறைந்தது. பற்று இரண்டு மடங்காகக் கூடியது. ஒரு கிராமுக்கு எத்தனை பற்று என்று பார்த்தால் எட்டு மடங்கு. கம்பியின் குறுக்குவெட்டும் நாலில் ஒன்றுதான், அதனால் தாங்கும் இழுவையும் நாலில் ஒன்று. அம்மா சங்கிலியை முரட்டுத்தனமாகக் கையாளுகிறாள் என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். அவள் கழுத்தில் கிடந்தது 277 இடங்களில் அறுபடக்கூடிய ஒரு பொருள். கைப்பட்டறையில் அதைச் செய்தவருக்கும் கஷ்டமே. கூலி கிராம் கணக்கென்றால், கண் நோக இரண்டு மடங்கு பற்றுவைத்தவருக்குக் கிடைத்தது நாலில் ஒரு பங்கு கூலி.

பற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொடி உருகுவதற்காக அதில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ப்பார்கள், அதனால் பழைய சங்கிலியை உருக்கினால் மாற்றுக் குறையும். அதைச் சரிக்கட்டத்தான் காட்மியம் வந்தது. கடைப் பலகைகளில் கே.டி.எம். என்று பெருமையாக எழுதியிருந்தது அதைத்தான். மாற்று நின்றது, ஆனால் காட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். தீயை ஊதியவர்களின் நுரையீரலுக்குள் போயிற்று அந்த விஷம். வாடிக்கையாளருக்குத் தரம் என்று விற்றது செய்தவனின் மூச்சு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை. இப்போது ஹால்மார்க் வந்திருக்கிறது. 2021 ஜூனிலிருந்து அது படிப்படியாகக் கட்டாயமாகி, 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாமல் கடைகள் ஹால்மார்க் நகையை விற்க முடியாது.

ஆசாரியண்ணனின் அப்பா இதைவிட மோசமான காலத்தைப் பார்த்தவர். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். 14 காரட்டில் தாலிக்கொடி யார் கேட்பார்கள்? நாடெங்கும் பட்டறைகள் அணைந்தன, உயிரை விட்டவர்களும் உண்டு. இவருடைய அப்பா குறடைக் கட்டி வைத்துவிட்டு மில்லில் கூலிக்குச் சேர்ந்திருக்கிறார். 1968இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாகவே ஆகி, 1990இல்தான் நீங்கியது. "எங்கப்பாவும் உங்கப்பா மாதிரி சங்கு ஊதுனா ஓடுனவருதானுங்க" என்றார்.

இன்று சங்கிலியை எந்திரம் செய்கிறது. இத்தாலியின் அரெஸ்ஸோ, ஜெர்மனியின் போர்ஸ்ஹைம் போன்ற ஊர்களில் வளர்ந்த தொழில்நுட்பம். கம்பியின் நடுவிலேயே பொடி இருக்கும். எந்திரம் வளைத்து, வெட்டி, கோத்துக்கொண்டே போகும், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான கண்ணி. பிறகு முழுச் சங்கிலியும் உலைக்குள் நகர்ந்து போகும்போது எல்லாப் பற்றும் ஒரே தடவையில் பிடித்துவிடும். பாக்ஸ் செயின், கோதுமைச் செயின், கயிறுபோல முறுக்கிய ரோப் செயின் எல்லாம் இப்படி வருகின்றன. எனக்கு அதில் கோபம் இல்லை. அரை மில்லிமீட்டர் கம்பியில் 277 பற்று வைக்க ஒரு மனிதரின் கண்ணைச் செலவழிப்பதைவிட எந்திரம் செய்வது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் எந்திரம் செய்த சங்கிலி அறுந்தால் எந்திரத்திடம் போக முடியாது. அது செல்வபுரத்துக்குத்தான் வருகிறது. நான் உட்கார்ந்திருந்த ஞாயிறுகளில் வந்தவற்றில் பெரும்பாதி அப்படிப்பட்டவைதான்.

என் செயின் முடிந்தது. வாட்சில் மாட்டிக் கையில் போட்டேன். தெருமுனை தாண்டுவதற்குள் வாட்சு புரண்டு மணிக்கட்டின் உள்பக்கம் போய்விட்டது. திருப்பினேன், மறுபடி புரண்டது.

தப்பு கணக்கில் இல்லை, யோசனையில். வளையச் சங்கிலி எல்லாப் பக்கமும் மடங்கும், முறுக்கிக்கொள்ளும். கழுத்துக்கும் வெறுங்கைக்கும் அதுதான் அழகு. வாட்சுக்கு எடை இருக்கிறது, முகம் இருக்கிறது. அது மேலே பார்த்தபடி நிற்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு திசையில் மட்டும் மடங்கும் கண்ணி வேண்டும். சைக்கிள் செயினை நினைத்தேன். மேலும் கீழும் மடங்கும், பக்கவாட்டில் திரும்பாது. பட்டையும் ஆணியும் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வாரம் புதிதாக ஆரம்பித்தோம். வெள்ளித் தகட்டில் பட்டைகள் வெட்டி, ஓரங்களில் குட்டிக் குழாய்களைப் பற்றவைத்து, கதவுக் கீல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து ஆணி கோக்கும் வகை. அப்பாவின் கைக்கு ஏழு அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர். வாட்சுக்கு 38, கொக்கிப் பூட்டுக்கு 32 போனால் மிச்சம் 108. ஆறு மில்லிமீட்டர் கண்ணி பதினெட்டு, பக்கத்துக்கு ஒன்பது. வாட்சின் பக்கம் 18 அகலம், பூட்டின் பக்கம் 16. படிப்படியாகக் குறுகினால்தான் கைக்கு இசைவாக இருக்கும்.

இங்கே ஆட்டத்தின் கணக்கு வேறு. குழாய்க்குள் ஆணி இறுகினால் மடங்காது. தளர்ந்தால் செயின் நாளடைவில் நீளும். உண்மையில் உலோகம் நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஆணியும் துளையும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், இருபது மூட்டில் இரண்டு மில்லிமீட்டர் ஆகிவிடும். பழைய வாட்சுச் செயின்கள் தொங்குவதன் காரணம் இதுதான். அப்பா வைத்திருந்த அரம் ஒன்று வீட்டில் இருந்தது. குழாய்களின் வாயைச் சமன் செய்ய அதையே கொண்டுபோனேன். இந்த வேலையில் அப்பாவின் ஆட்டம் பற்றிய பயமும் தேவைப்பட்டது, ஆசாரியண்ணனின் ஆசையும் தேவைப்பட்டது.

பூட்டு செய்யும்போது எனக்கு ஒரு பழைய சொல் நினைவுக்கு வந்து அவரிடம் சொன்னேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த நகைகளைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். கழஞ்சு, மஞ்சாடி என்று எடை, முத்து இத்தனை என்று எண்ணிக்கை. மாலைகளின் பூட்டுவாயைக் கொக்குவாய் என்றும், அது மாட்டும் வளையத்தைப் படுகண் என்றும் பிரித்துக் குறித்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால், ஒரு கொக்கியைக்கூட விடாமல் எழுதச் சொன்ன அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆசாரியண்ணன் கொக்கியின் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரத்தை எடுத்து அதை இன்னும் சற்று நீட்டிக் கூராக்கினார். உண்மையிலேயே கொக்கின் வாய்போல ஆயிற்று.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளைப் பிரஷால் தேய்த்துக் கழுவி, உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். ஒரு பக்கமாக மட்டும் மடிந்து, சுருண்டு படுத்தது. ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார்.

என் கைக்கு அது தளர்ந்தது. அப்பாவின் மணிக்கட்டு அகலம். ஆணிகளின் முனைக்குப் பற்று வைக்காமல், உள்ளே இறுக்கி மட்டும் விட்டிருந்ததால் மூன்று கண்ணிகளைத் தட்டிக் கழற்ற முடிந்தது. அவற்றை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"பத்திரமா வெச்சுக்குங்க அம்மிணி. பையனுக்கு ஒம்பதாவதுதானுங்களே, கை இன்னும் பெருசாகும்."

காகிதத்தின் மேல் அப்பாவின் அளவை பென்சிலால் எழுதியிருந்தார்: 178.