அடுத்த குடம்

அக்கினி நட்சத்திரம் மே மாதக் கடைசியில் விடைபெற்றுவிட்டதாகப் பஞ்சாங்கம் சொல்லிற்று. வெயிலுக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியவில்லை. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும் சென்னையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிய நாள்கள் பல வந்தன. அசோக் நகரின் நான்கு சிங்கத் தூணருகே நண்பகலில் ஆள் நடமாட்டமே இராது. அன்று இருந்த உதயம் திரையரங்கின் எதிரில் இளநீர் விற்பவர் மட்டும் தம் வண்டியின் நிழலுக்குள்ளேயே ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். ஆனால், அந்தக் கோடையை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெயிலன்று, குடங்கள். பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று எல்லா நிறத்திலும் நெகிழிக் குடங்கள் தெருவோரம் வரிசையாக நிற்கும். உடையவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். குடம் அவர்களுக்காக இடம்பிடித்துக் காத்திருக்கும்.

2018-இன் வடகிழக்குப் பருவமழை நம்மைக் கைவிட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் நிரம்பினால் 11 டி.எம்.சி.க்குச் சற்று மேல் கொள்ளும். அந்த ஜூனில் அவற்றில் கிடந்தது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வழங்கிவந்த குடிநீர் வாரியம் அதை 52.5 கோடி லிட்டராகக் குறைக்க நேர்ந்தது. அதுவும் மீஞ்சூர், நெம்மேலிக் கடல்நீர் ஆலைகள், வீராணம் ஏரி, சிக்கராயபுரத்துக் கல்குவாரிகள், புறநகர் விவசாயக் கிணறுகள் என்று பல இடங்களிலிருந்து திரட்டிய நீர். வீடுகளில் சம்ப் வறண்டது. போர் காற்றை இழுத்தது. லாரிக்குப் பதிந்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம்.

அப்போது ஓர் அன்பியக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, “இது கடவுள் தந்த தண்டனையா, ஃபாதர்?” என்று கேட்டார். ஏரிகளைத் தூர்த்து மனை போட்டவர் யார் என்று அவரையே திருப்பிக் கேட்டேன். நமக்கு அருகிலுள்ள தியாகராய நகரே மாம்பலம் ஏரி இருந்த இடத்தில், 1920-களில் எழும்பியதுதான். வானத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் பத்திரப் பதிவு அலுவலகம் வரை ஒருமுறை போய் வரலாம். மழைக்காக மன்றாடுவது வேறு. அந்த மாதம் கோயில்களில் யாகம் நடந்தது, பள்ளிவாசல்களில் தொழுதார்கள், நாமும் திருப்பலியில் மன்றாடினோம். எல்லாருடைய வேண்டுதலும் ஒரே மேகத்தை நோக்கித்தான் போயிற்று.

நான்கே ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், இதே பகுதியைத் தண்ணீர் வேறு விதமாகச் சோதித்தது. அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டை வீடுகளுக்குள் புகுந்த அந்த நாள்களில் முன்பின் தெரியாதவர்களைத் தோளில் சுமந்தவர்களையும், வீட்டைத் திறந்துவிட்டு மாடியில் படுத்தவர்களையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எழுதத்தக்கதுதான். ஆனால், வெள்ளத்தில் விளையும் அன்பு ஒரே பாய்ச்சலில் வருவது. இரண்டு நாள் அது நம்மை நம்மினும் பெரியவர்களாக்கிவிடும். வறட்சி அப்படியன்று. அது நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு வந்து, நேற்றுக் கொடுத்ததை இன்றும் கொடுப்பாயா என்று கேட்கும். நாற்பதாவது நாளும் அதே கேள்விதான். அன்று யாரும் படம் பிடிக்க வருவதில்லை.

அந்த நாள்களில் அரசர்கள் முதல் நூலின் பதினேழாம் அதிகாரத்தை மீண்டும் படித்துக்கொண்டிருந்தேன். மழையற்ற காலம். இறைவாக்கினர் எலியா தங்கியிருந்த கெரீத்து ஓடை வற்றிப்போகிறது. அவர் சாரிபாத்துக்கு வந்து, நகர வாயிலில் சுள்ளி பொறுக்கும் கைம்பெண்ணிடம் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறார். அவள் மறுபேச்சின்றி எடுத்துவரப் புறப்படுகிறாள். அப்பமும் வேண்டும் என்று அவர் கேட்கும்போதுதான் தயங்கி நின்று, தன்னிடம் இருப்பது ஒரு கை மாவும் சிறிது எண்ணெயுமே என்கிறாள். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது எங்கள் கவனமெல்லாம் குறையாத மாவுப் பானையின்மேல்தான் இருந்தது. பஞ்ச காலத்திலும் அவள் தண்ணீருக்குத் தயங்கவில்லை என்பது அப்போது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

அசோக் நகரில் இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. தோசை மாவு கேட்டால் கிண்ணம் நிறையத் தந்தார்கள். காப்பிப் பொடி, சர்க்கரை, ஒருவேளைச் சாப்பாடு, எதற்கும் தயக்கமில்லை. தண்ணீர் என்றால் மட்டும் முகம் மாறியது. நம் மரபில் தண்ணீர் தருவதே அறங்களுள் எளியது. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் போற்றுகிறது. நம் ஊர்களில் திண்ணையில் ஒரு பானையும் குவளையும் வைக்காத வீடு இல்லாதிருந்த காலமும் உண்டு. ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று ஆண்டவர் சொன்னபோதும், ஏழையும் கொடுக்கக்கூடிய ஒன்றைத்தானே எடுத்துக்காட்டினார்! அந்த எளிய பொருள் விலையேறிவிட்டால் அறம் என்ன ஆகும்? 2019-இல் எங்கள் தெருக்கள் இந்தக் கேள்வியை எதிர்கொண்டன.

ஆலய வளாகத்தில் பழைய உறைக்கிணறு ஒன்று உண்டு. போர் போட்ட பிறகு அதைத் தகரத்தால் மூடி வைத்திருந்தார்கள். போர் வற்றியதும் தகரத்தை நீக்கிப் பார்த்தால், அடியில் தண்ணீர் பளபளத்தது. இதைப் பொதுவில் கொடுப்பது பற்றிப் பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. “முதலில் நம் மக்களுக்கு” என்றார் ஒருவர். அவர் கெட்டவர் அல்லர். தம் தெருவில் மூன்று கத்தோலிக்கக் குடும்பங்கள் தண்ணீரின்றித் தவிப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர். மரியாயின் சேனையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மெல்ல எழுந்து, “கெணத்துக்கு யாரு சாமி ஞானஸ்நானம் குடுத்தா?” என்றார். பேரவை சிரித்துவிட்டது. முதலில் கேட்டவரும் சிரித்தார். மறுநாளே மதிற்சுவருக்கு வெளியே ஒரு குழாய் முளைத்தது.

அந்தக் குழாயை நிர்வகித்தவர் கத்தோலிக்கர் அல்லர். திருநீறு அணிந்த, ஓய்வுபெற்ற தபால்காரர். அடுத்த தெருவில் குடியிருப்பவர். தாமாகவே வந்து ஒரு நோட்டுப் புத்தகத்துடன் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இந்தப் பகுதியின் கதவு எண்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் படுக்கையில் கிடக்கிறார், எந்த மருமகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குடும்பத்துக்கு நான்கு குடம் என்றார். ஒரு குடம் ஏறத்தாழ 15 லிட்டர். நான்கு குடம் 60 லிட்டர். நோயாளி இருந்தால் ஐந்து. ஐந்தாவது குடத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை. அவரே, “உங்களுக்கு இன்னொண்ணு இருக்கும்மா, எடுத்துட்டுப் போங்க” என்பார். கேட்டுப் பெறும் கூச்சத்தை அவர் அப்படி நீக்கினார்.

அவரைக் கஞ்சர் என்று சிலர் பேசினார்கள். கோயில் தண்ணீரை அளப்பதற்கு இவர் யார் என்றும் கேட்டார்கள். அளக்கச் சொன்னது கிணறுதான். காலையில் ஒரு மணி நேரம் இறைத்தால் நல்ல தண்ணீர் வரும். அதற்கு மேல் மோட்டாரை ஓட்டினால் கலங்கும். பிறகு மணல் வரும். நிறுத்திவிட்டால், சுற்றிலுமுள்ள மண்ணிலிருந்து கசிந்து கசிந்து இரவுக்குள் பழைய மட்டத்துக்கு ஏறிவிடும். இந்த ஊற்றின் கணக்கை மதித்ததால்தான் அறுபது குடும்பங்கள் வரை அந்தக் கோடையைக் கடந்தன. வாரி வழங்குவதே அன்பு என்று நாங்கள் பீடத்திலிருந்து அடிக்கடி சொல்கிறோம். முதல் பத்து வீடுகளுக்கு வாரி வழங்கியிருந்தால், பதினோராவது வீட்டுக்குச் சேறுதான் கிடைத்திருக்கும். வரிசையின் கடைசியில் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் நிற்பவருக்கு “போதும்” என்று சொல்வது, தபால்காரர் சொன்ன விதத்தில், கனிந்த சொல்லாகவே என் காதில் விழுந்தது.

1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘அடுத்திருப்பவர்’ என்ற சொல்லை நம் நாவில் பழக்கியது. ‘அயலான்’ என்ற பழைய சொல்லில் ஒரு வேலி இருந்தது. புதிய சொல்லின் பொருளை எனக்கு முழுதாக விளக்கியது அந்த வரிசை. வரிசையில் எனக்கு அடுத்து இருப்பவர் யார்? என் குடம் நிரம்பி வழியும்வரை நான் பிடித்தால், குறைவது அவருடைய குடம்.

எல்லா இடத்திலும் இப்படி நடந்தது என்று சொல்ல முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள்: ‘வெளியாட்களுக்குத் தண்ணீர் தரக் கூடாது.’ வெளியாட்கள் என்றால் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள். அவர்கள் தம் பகுதியில் நள்ளிரவில் வரும் லாரிக்காக இரண்டு மணிவரை விழித்திருந்துவிட்டு, காலையில் வந்து இங்கே பாத்திரம் தேய்ப்பவர்கள். அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வயது முதிர்ந்த கணவன் மனைவி இருவர். பிள்ளைகள் வெளிநாட்டில். பாத்திரம் கழுவும் நீரை மிச்சப்படுத்த அந்த அம்மா தையல் இலையில் பரிமாறத் தொடங்கினார். கழுவ ஒன்றுமில்லாததால் வேலைக்காரப் பெண்ணை, “வெயில்ல அலையாதேம்மா, சம்பளம் வந்துடும்” என்று வீட்டிலேயே இருக்கச் சொன்னார். அப்பெண் கேட்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை தன் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். வரிசையில் நின்று அவள் பிடித்த தண்ணீர் அது. நோயில் பூசுதல் அருளடையாளத்துக்காக அந்தப் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தபோது, அவளைப் படியிலேயே சந்தித்தேன். ‘வெளியாட்களுக்குத் தராதே’ என்ற தாளைக் கடந்து, ஒரு வெளியாள் தண்ணீரை உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். சாரிபாத்து எங்கே இருக்கிறது என்று அதற்குப் பிறகு எந்த வரைபடத்திலும் நான் தேடவில்லை.

இவ்வளவும் நம் தெருவுக்குள். ஆனால் தெருவுக்கு வரும் தண்ணீர் யாருடையது? ஒருநாள் பின்னிரவில் லாரி கொண்டுவந்த ஓட்டுநர், குழாய் மாட்டியபின் நடைமேடையில் சாய்ந்தார். தபால்காரர் வீட்டிலிருந்து அவருக்குத் தேநீர் வந்தது. பூவிருந்தவல்லிக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்து வயற்கிணற்றில் நிரப்பியதாகச் சொன்னார். “அங்க தண்ணி நல்லா இருக்காப்பா?” என்று கேட்டேன். “இருந்துச்சு சாமி. லாரிக்கு எறைக்க எறைக்க, பக்கத்துக் கொல்லைக்காரன் கெணறு எறங்கிப்போச்சு. அவன் இந்தத் தடவ பயிர் வெக்கல” என்றார். கையில் தேநீர்க் குவளையோடு அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அந்த ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர். 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. செய்தித்தாள்கள் பெரிதாகப் படம் போட்டன. கணக்கிட்டுப் பார்த்தால், நகருக்கு அன்றாடம் வழங்கப்பட்ட குறைந்த அளவிலேயே அது இருநூற்றில் ஒரு பங்குதான். ஆனாலும், தம் ஊரிலும் தட்டுப்பாடு இருக்க, தங்கள் குழாயிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வட்டாரத்து மக்களிடம் ‘எங்களுக்கு நான்கு குடம் போதும்’ என்று சொல்லும் தபால்காரர் நம் நகருக்கு இல்லை. நம் மன்றாட்டுகளில் மழையைக் கேட்டோம். ஜோலார்பேட்டையையும் பெயர் தெரியாத அந்தக் கொல்லைக்காரரையும் ஒரு ஞாயிறாவது பெயர் சொல்லி நினைக்கலாம் என்று சேர்க்கச் சொன்னேன். பாடற்குழுவினர் சிலர் வியப்போடு பார்த்தார்கள். பிறகு அது பழகிவிட்டது.

அக்டோபரில் மழை வந்தது, ரயில் நின்றது, குடங்கள் மாடிப்படிகளுக்கு அடியில் போயின. தபால்காரர் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். கிணற்றுக்கு இப்போது கம்பிவலை மூடி. ஆலயக் கூரையின் மழைநீர் குழாய் வழியாக அதற்குள் இறங்குகிறது. மதிலுக்கு வெளியே வைத்த குழாயை யாரும் எடுக்கவில்லை. ஆட்டோக்காரர்கள் முகம் கழுவுகிறார்கள். உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள் பாட்டிலில் பிடித்துக்கொள்கிறார்கள். சென்ற கோடையில் அப்படி வண்டியை நிறுத்திய ஒரு பையன், மதிலுக்குள் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, “இது சர்ச் தண்ணியா சார்? எல்லாரும் புடிக்கலாமா?” என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள், வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா பதில் சொல்லிவிட்டார்: “புடி தம்பி. ரொப்பிட்டு மறக்காம மூடிட்டுப் போ.”