கசகசாவும் ‘கொஞ்சம்’ என்ற சொல்லும்



கசகசா இல்லாத அடுக்களை நம் வீடுகளில் அரிது. தேங்காயோடு சேர்த்து அரைத்துக் குருமாவில் விடுகிறோம். பாலில் கலந்து காய்ச்சுகிறோம். அதன் பெயர்கூட அரபியின் ‘கஷ்காஷ்’ என்ற சொல்லோடு உறவுடையது. அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால் உறைந்து அபின் ஆகிறது. அபின் என்பதும் ‘அஃப்யூன்’ என்ற சொல்லின் உறவுதான். விதைக்குள் மயக்கும் பொருள் அநேகமாக இல்லை. ஆனால் அறுவடையின்போது காயின் பாலும் தூசும் விதையின் மேல் ஒட்டிக்கொள்வதுண்டு. கழுவி, ஊறவைத்து, அரைத்து, கொதிக்கவைத்து உண்ணும்போது அதில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. பத்துப் பேர் உண்ணும் சட்டியில் விழுகிற இரண்டு கரண்டி கசகசாவைப் பற்றி எந்த ஃபகீஹும் கவலைப்பட்டதில்லை. கவலைப்படத் தேவையும் இல்லை.

ஃபிக்ஹ் பாடத்தில் போதைப்பொருட்களைப் பற்றிய பகுதியை நான் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு வரை அது எனக்கு ஏடுகளில் உள்ள பாடமாகவே இருந்தது. என்னிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் ஓர் அஸர் தொழுகைக்குப் பின் என்னைத் தேடி வந்தார். வெளியூரில், பெருநகரம் ஒன்றில், இரவுப் பணி பார்ப்பவர். பெயரைக் குறிப்பிடாமல் எழுதலாம் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார். பகலில் உறக்கம் வரவில்லை என்பதற்காகக் கழுவாத கசகசா விதையின் நீரைக் குடிக்கத் தொடங்கியிருக்கிறார். முதலில் உறக்கத்துக்காக. பிறகு, உறக்கத்துக்கு முன் வருகிற அந்த இதத்துக்காக. நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

அவர் தவ்பாச் செய்ய வரவில்லை. வாதிட வந்திருந்தார். “ஹஜ்ரத், நான் கஞ்சா வாங்கவில்லை, மளிகைக் கடையில் கிடைப்பதைத்தான் வாங்கினேன். அறிவு மயங்கவில்லை; மனம் கொஞ்சம் இலேசாகிறது, அவ்வளவுதான். தொழுகிறேன், வேலைக்குப் போகிறேன். காப்பியைக்கூட ஒரு காலத்தில் மக்காவில் தடுத்தார்களே, பிறகு விட்டுவிடவில்லையா? திடமான தாவரத்தில் போதை தராத சிறிய அளவு ஆகும் என்று நம் இமாம்களே எழுதியிருக்கிறார்களே?”

‘ஹராம்’ என்ற ஒரு சொல்லால் அவரை எழுப்பி அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பப்படுகிற இளைஞர் அடுத்த கேள்வியோடு நம்மிடம் வருவதில்லை, கைபேசியிடம் போகிறார். அது மட்டுமன்று, அவர் சொன்னவற்றில் உண்மையும் இருந்தது. அதை மறுத்துத் தொடங்குவது அறிவு நாணயம் ஆகாது என்று எனக்குத் தோன்றியது.

காப்பியின் செய்தி உண்மைதான். 1511ஆம் ஆண்டு மக்காவின் அதிகாரியாக இருந்த கைர் பேக் உலமாக்களைக் கூட்டிக் காப்பியைத் தடை செய்தார். தடை நிலைக்கவில்லை, கெய்ரோவிலிருந்தே அதைத் தளர்த்தி உத்தரவு வந்தது. ஆனால் காப்பி எதற்காகப் பரவியது என்பதையும் பார்க்க வேண்டும். யமனின் சூஃபியாக்கள் இரவு திக்ரில் கண் விழித்திருப்பதற்காக அருந்தியது அது. ஒன்று மனிதனை விழிக்கச் செய்கிறது, மற்றொன்று அமிழ்த்துகிறது. இரண்டும் ஒரே வழக்கு அல்ல.

திடமான தாவரம் பற்றிய சட்டமும் உண்மையே. மதுவில் ஒரு துளியும் ஹராம். அதிகம் போதை தருவது எதுவோ அதன் குறைந்த அளவும் ஹராம் என்ற பொருளில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. பானமல்லாத தாவரங்களில் நம் ஷாஃபிஈ இமாம்கள் ஒரு வேறுபாடு காட்டினார்கள். அவை நஜீஸ் அல்ல, போதை தராத சிறு அளவு மதுவின் துளியைப் போன்றதல்ல என்றார்கள். ஹனஃபீ மத்ஹபில் இப்னு ஆபிதீன் அவர்களும் அபினைப் பற்றிப் பேசும்போது மருந்துக்கான சிறிய அளவைத் தனியாகப் பிரிக்கிறார்கள். நம் மாணவர் கைபேசியில் இதன் முதல் பாதியைத்தான் படித்திருந்தார். அந்தச் சலுகை நோயாளிக்கும் சமையல்காரருக்கும் உரியது. வலியால் துடிப்பவருக்கு மருத்துவர் அளந்து தருவதையும், குருமாவில் விழுவதையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்த இதத்தையே நாடி அருந்துவதைக் கேளிக்கைக்கான பயன்பாடு என்று அவர்கள் தனியாகவே வைத்தார்கள், அதை அனுமதிக்கவில்லை. விதை ஒன்றுதான். நிய்யத் வேறு.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் வரும் மற்றொரு ஹதீஸும் உண்டு. போதை தருவதோடு சேர்த்து ‘முஃபத்திர்’ என்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அதில் வருகிறது. உடலைத் தளர்த்தி உணர்வை மந்தமாக்குவது என்று அச்சொல்லுக்கு விளக்கம் தருவார்கள். அதன் அறிவிப்பாளர் தொடரில் சிலர் பேசியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஆனாலும் அவர் ‘இதம்’ என்று வர்ணித்ததற்கு, நான் அறிந்தவரை, இதைவிடப் பொருத்தமான அரபுச் சொல் இல்லை.

“கொஞ்சம் என்றால் எவ்வளவு?” என்று கேட்டேன். முதல் வாரம் குடித்த அளவும் இப்போதைய அளவும் ஒன்றா என்றேன். அவர் பேசவில்லை.

மத்திய ஆசியாவின் குவாரஸ்மில் பிறந்த அல்பிரூனி அவர்கள், மருந்துப் பொருட்களைப் பற்றி எழுதிய ‘கிதாபுஸ் ஸைதனா’வில் இதை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார். வெப்ப நாடுகளில், குறிப்பாக மக்காவில், துயரம் தீரவும் வெயிலின் கடுமை தணியவும் நீண்ட உறக்கம் வரவும் அபினை நாள்தோறும் உட்கொள்வோர் இருந்தார்களாம். சிறிய அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, உயிரைப் பறிக்கும் அளவை எட்டுவார்கள் என்று எழுதுகிறார். உறக்கத்துக்காக என்று தொடங்குவதும் ‘கொஞ்சம்’ என்று சொல்லிக்கொள்வதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்தது அல்ல.

அதன் முடிவு எப்படியிருக்கும் என்று காண விரும்புவோர் ஜஹாங்கீர் பாதுஷாவின் அரசவைக்குப் போகலாம். மதுவையும் அபினையும் தாமே பயன்படுத்தியவர் அவர். தம் நினைவுக்குறிப்புகளில் அதை ஒளிக்கவும் இல்லை. 1618இல் அவருடைய அதிகாரி இனாயத் கான், அபினும் மதுவும் தின்று தீர்த்த உடலோடு விடைபெற வந்தார். எலும்பின் மேல் தோல் போர்த்தியது போன்ற அந்த உருவத்தைக் கண்டு திகைத்த பாதுஷா, ஓவியர்களை அழைத்து வரையச் சொன்னார். அதன் பிறகு அவர் அதிக நாள் உயிரோடு இல்லை. அந்த ஓவியம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. தலையணைகளில் சாய்ந்திருக்கும் அந்த மனிதரின் மார்பெலும்புகளை எண்ணிவிடலாம். அருகில் நின்ற ஆட்சியாளரே அதே பொருளை உட்கொள்பவர் என்பதை நினைக்கும்போது அந்தப் படம் வேறு விதமாகத் தெரிகிறது.

‘என் உடலில் நானே சோதித்துப் பார்த்தேன்’ என்று மாணவர் ஒருமுறை பெருமையாகச் சொன்னார். அப்படிச் சோதித்தவர்களில் மிகவும் தகுதியுடையவர் ஜெர்மனியின் மருந்தாளுநர் செர்ட்யூர்னர். அபினிலிருந்து மார்ஃபினை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் அவர். எடை போடும் கருவியும் தூய்மைப்படுத்திய பொருளும் அவர் கையில் இருந்தன. தம்மிடமும் பதினேழு வயதைத் தாண்டாத மூன்று இளைஞர்களிடமும் அதைச் சோதித்து 1817இல் எழுதினார். முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று முறை கொடுத்தார். முதலில் முகம் சிவந்தது. பிறகு குமட்டலும் தலைசுற்றலும் வந்தன. மூன்றாவதற்குப் பின் கனவு போன்ற மயக்கத்தில் விழுந்து, நஞ்சேறியதோ என அஞ்சி, கடுமையான காடியைக் குடித்து வாந்தி எடுக்க வேண்டியதாயிற்று. எடை தெரிந்தவருக்கே அந்த நிலை.

மளிகைக் கடை விதையில் எடையும் தெரியாது. ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக மார்ஃபின் இருந்த விதையும் உண்டு. நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருந்த விதையும் உண்டு. பார்வையிலோ சுவையிலோ அதைப் பிரித்தறிய முடியாது. சென்ற மூட்டையில் இதமாக இருந்த அதே அளவு, அடுத்த மூட்டையில் மூச்சை நிறுத்திவிடலாம். கழுவாத விதையின் நீரைக் குடித்து அமெரிக்காவில் இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள்.

அவரை நிறுத்தியது இந்த வரலாறுகள் எதுவும் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். “மூன்று நாள் விட்டுப் பார்த்தாயா, தம்பி?” என்று கேட்டபோதுதான் முகம் மாறியது. விட்டுப் பார்த்திருக்கிறார். மூக்கு ஒழுகியது, ஓயாத கொட்டாவி, கால்களில் குடைச்சல், வயிற்றுப்போக்கு, இரவு முழுதும் உறக்கமின்மை. காய்ச்சல் என்று நினைத்திருக்கிறார். நான்காம் நாள் மீண்டும் குடித்ததும் அந்தக் ‘காய்ச்சல்’ ஒரு மணி நேரத்தில் நின்றுபோனதாம். சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும்.

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். சில மாதங்களாக ஸஜ்தாவில் நீண்ட நேரம் இருக்க முடிகிறது, உள்ளச்சம் கூடியிருக்கிறது என்று மகிழ்ந்திருந்தாராம். ஆனால் எந்த ரக்அத்தில் எந்த சூராவை ஓதினோம் என்பது ஸலாம் கொடுத்தபின் நினைவில் இருப்பதில்லை. இதற்கு நான் எந்த விளக்கமும் தரவில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தை அவரே எடுத்தார். போதையில் இருக்கும்போது, நீங்கள் சொல்வது இன்னதென்று நீங்கள் அறியும் வரை தொழுகையை நெருங்காதீர்கள் என்ற கருத்துடைய வசனம் அது. என்னிடம் மனனம் செய்ததுதான்.

அன்றிரவே நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் பேசினேன். தனியாக, வைராக்கியத்தால் மட்டும் விட முயல வேண்டாம், மனநல மருத்துவரின் மேற்பார்வையில் விடட்டும் என்றார் அவர். உறக்க மாத்திரையோ மதுவோ இதோடு சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சில காலம் விட்டவர் பழைய அளவுக்கே திரும்பினால் அந்த அளவே உயிரைக் குடிக்கும் என்றும் எச்சரித்தார். உடல் தாங்கும் வலிமையை அதற்குள் இழந்திருக்குமாம். மாணவர் மருத்துவம் பார்த்துக்கொண்டார். பகல் பணிக்கு மாறியிருக்கிறார். சம்பளம் சற்றுக் குறைவு. இந்த வேளைகளில் பள்ளிவாசலைவிட மருத்துவமனைக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்ல ஓர் ஆலிம் தயங்கக்கூடாது என்பது என் எண்ணம். சிகிச்சை தேடுவதும் நமக்கு மார்க்கம் கற்றுத் தந்ததுதானே.

அவருடைய உம்மாவுக்குத்தான் அதிக நாள் ஆறவில்லை. வீட்டிலிருந்த கசகசாவைக் கொட்டிவிட்டார்கள். அம்மியையும் பாத்திரங்களையும் நஜீஸ் நீங்கக் கழுவ வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். வேண்டியதில்லை, விதை சுத்தமானது, குருமாவும் ஹலால்தான் என்று சொல்லி அனுப்பினேன். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் விதையை விலக்கிவிட்டு, காய்ந்த காயையும் தண்டையுமே தடுக்கிறது. சித்த மருந்துப் பட்டியல்களில் போஸ்தக்காய் என்று வருவது அந்தக் காய்தான். யார் தந்தாலும் வீட்டில் வைக்கக்கூடாது.

ஆனால் அந்தத் தாய்க்கு வேறொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது, அவர்களுடைய மூத்த மகன் துபாயில் இருப்பதால். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் கசகசா விதையே தடைசெய்யப்பட்ட பொருள். நம் கடைச் சட்டம் அங்கே செல்லாது. பொட்டலம் சிறியது, சமையலுக்குத்தான் என்று விமான நிலையத்தில் சொல்வதால் பயன் இல்லை. சிங்கப்பூருக்கும் கொண்டு போக முடியாது. தனியாகக் கசகசா அனுப்புவோர் இப்போது குறைவு. வீட்டில் வறுத்து அரைத்த மசாலாப் பொடிக்குள்தான் அது ஒளிந்து போகிறது. விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளையின் பெட்டியைக் கட்டும்போது, பொடி அரைத்த பெரியம்மாவிடமோ மாமியிடமோ அதில் கசகசா போட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முந்திரியும் பொட்டுக்கடலையும் அரைத்து விட்டாலும் குருமா கெட்டிப்படும்.