பாடநூல் இல்லாத பாடம்

கடந்த ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு மாலை, மணப்பாட்டு இளைஞன் ஒருவன் வாடிய முகத்தோடு என்னைத் தேடி வந்தான். தந்தையின் வள்ளத்து மீன்பாடு, ஏல விலை, எண்ணெய்ச் செலவு ஆகியவற்றைக் குறித்து வைக்கக் கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்ய வேண்டுமென்பது அவன் ஆசை. அதன்பொருட்டுத் தாயின் கம்மலை அடகு வைத்து, ‘ப்ளட்டர்’ என்னும் செயலிக் கருவியைக் கற்பிக்கும் ஒளிப்பதிவுப் பாடங்களை வாங்கியிருந்தான். பாடத்தில் கண்டவாறே எழுதியும், கணினி பிழையென்றே காட்டிற்று.

“எனக்கு மூளை இல்லை, சாமி. அப்பாவோடு கடலுக்கே போய்விடுகிறேன்” என்றான்.

கடல்தொழில் இழிவன்று. ஆனால் தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டு அதற்குப் போவது என் மனத்தை உறுத்தியது. செயலிக் கலை நான் அறியாதது. எனினும் குருமடத்தில் 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் பழைய உரைநூலைப் படித்துவிட்டு, 1983இல் வந்த புதிய சட்டத்தில் தேர்வெழுதித் திணறியவன் நான். ஆகவே, “தம்பி, இப்பாடம் எந்த ஆண்டினது?” என்று கேட்டேன். “2019” என்றான்.

அங்கேதான் முடிச்சு இருந்தது. கூகுள் நிறுவனம் ப்ளட்டரின் முதற்பதிப்பை 2018 டிசம்பரில் வெளியிட்டது. 2021 மார்ச்சில் வந்த இரண்டாம் பதிப்போடு, மதிப்பில்லாத வெற்றிடங்களைக் கையாளும் விதி மாறியது. அதன் மொழியாகிய ‘டார்ட்’, 2023இல் வந்த தன் மூன்றாம் பதிப்பில் பழைய முறையை அடியோடு தள்ளிவிட்டது. பிழை பையனிடம் இல்லை. பாடத்தின் வயதில் இருந்தது.

அக்கருவியைச் செய்தவர்களே விளக்கநூலையும் பயிற்சிகளையும் இணையத்தில் இலவசமாக வைத்து, அவ்வப்போது புதுப்பித்தும் வருகின்றனர். ஆனால் அவை ஆங்கிலத்தில் இருந்தமையால் அவன் அஞ்சி ஒதுங்கியிருந்தான். சனிக்கிழமைதோறும் இருவரும் அமர்ந்தோம். நான் ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் சொல்ல, அவன் அதன் நுட்பத்தை எனக்கு விளக்கினான். முதற்பயிற்சியில், பொத்தானை அழுத்துந்தோறும் புதிய சொல்லிணை ஒன்று திரையில் தோன்றிற்று. அன்று அவன் முகத்தில் கண்ட மலர்ச்சியை நான் மறவேன். கற்றதையெல்லாம் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரச் சொன்னேன்.

இக்கரைக்கு அது புதிதன்று. 1546இல் இந்தியா வந்த அண்டிரிக் அடிகளார், முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றார். ஐரோப்பியர் தமிழ் பயில அச்சிட்ட இலக்கணம் எதுவும் அந்நாளில் இல்லை. மக்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றதைத் தாமே இலக்கணமாக எழுதினார், பின்வருவோர்க்கு உதவும்பொருட்டு. அவரது ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது.

இன்று அவன் தந்தையின் கைப்பேசியில் அச்செயலி இருக்கிறது. சீலா மீனின் எடையும் விலையும் நாள்தோறும் அதில் ஏறுகின்றன. கம்மல் இன்னும் மீளவில்லை. ஆனால் குறிப்பேடு இப்போது நம் பங்கின் வேறிரு பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

அன்பான பெற்றோரே, பிள்ளைகள் புதுக்கலை பயில விரும்பினால் பணத்தை எடுக்குமுன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: இப்பாடம் எந்த ஆண்டினது? கருவியைச் செய்தவர்களே எழுதிய நூல் உண்டா? பின்பு, சற்று நேரம் அவர்கள் அருகில் அமருங்கள். ஒன்றும் தெரியாவிடினும் அமருங்கள்.