முதலில் வீடு, பிறகு பள்ளி

போன மாதம் எதிர் வீட்டுப் பையன் வந்திருந்தான். பையன் என்று சொல்வது பழக்கதோஷம். முப்பத்தெட்டு வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், பெங்களூரில் வேலை. கம்பெனி அவனைக் கனடாவுக்கு அனுப்புகிறதாம். "அங்கிள், நீங்க குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு சிங்கப்பூர் போனவர். எந்த ஏரியாவுல வீடு பார்க்கிறது, ஸ்கூல் எப்படித் தேடுறதுன்னு சொல்லுங்க" என்றான். கையில் லேப்டாப். அதில் பள்ளிகளுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல், வாடகைக்கு இன்னொரு பட்டியல்.

கனடாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் கேட்டு வந்தவனிடம் தெரியாது என்று சொல்ல இந்த வயதில் யாருக்குத்தான் மனசு வரும்? காபி கொடுத்து அரை மணி நேரம் பேசி அனுப்பினேன். அவன் போன பிறகு உள்ளிருந்து மனைவி கேட்டாள்: "எல்லாம் சொன்னீங்களே, பெரியவ கதையைச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

1996 ஜனவரியில் நான் தனியாகத்தான் போனேன். சென்னையில் கப்பல் பழுது பார்க்கும் வேலையில் பதினைந்து வருடம் ஓட்டிய பிறகு, செம்பவாங்கில் அதே வேலை. ஒரு வெள்ளிக்கு அப்போது சுமார் 25 ரூபாய். அங்கே நம் ஆட்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். குடும்பத்தை ஜூனில் கூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. மகளுக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது, ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். மகனுக்கு ஏழு.

ஐந்து மாதம் எனக்கு அவகாசம் இருந்தது. அதில் நான் செய்தது வீடு பார்த்தது மட்டுமே.

வீடு பார்ப்பதே அங்கே ஒரு படிப்பு. ஜனங்களில் பெரும்பாலோர் இருப்பது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடிகளில். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பதைச் சுருக்கி வீவக வீடு என்பார்கள். நான்கறை வீடு என்றால் கூடத்தையும் சேர்த்து நான்கு. இது தெரியாமல் நான் நான்கு படுக்கையறைகளைத் தேடித் தரகரைப் படாதபாடு படுத்தினேன். அப்போது பழைய புளோக்குகளில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. மூன்று நான்கு மாடிக்கு ஒருமுறை நிற்கும், மீதியை நாம் ஏறவோ இறங்கவோ வேண்டியிருந்தது. சில வீட்டுக்காரர்கள், "இந்தியர்களா, மசாலா வாசனை போகாதே" என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். கோபம் வந்தது. பிறகு, மயிலாப்பூரில் என் சித்தப்பா வீட்டு மாடியை யாருக்கெல்லாம் வாடகைக்கு விட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது ஞாபகம் வந்து அடங்கிவிட்டேன்.

கடைசியில் யீஷூனில் ஒரு வீடு அமைந்தது. அந்தப் பிப்ரவரியில்தான் ரயில் யீஷூனைத் தாண்டி செம்பவாங், உட்லண்ட்ஸ் பக்கம் நீண்டிருந்தது. எனக்கு வேலைக்குப் போக வசதி. இரண்டு வருட ஒப்பந்தம், இரண்டு மாத முன்பணம். கையெழுத்துப் போட்ட மறுநாள் கூட வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். "ஸ்கூல் கிடைச்சிடுச்சா?" என்றார். இல்லை என்றேன். "என்ன சார் நீங்க, முதல்ல ஸ்கூல், அப்புறம்தானே வீடு" என்றார். பக்கத்திலேயே இத்தனை பள்ளிகள் இருக்கின்றனவே, இடமா கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

கிடைக்கவில்லை. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கிவிடுகிறது. நாங்கள் போனது நடு ஆண்டு. யீஷூனில் ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் மகனுக்கு இடம் இருந்தது, மகளுக்கு இல்லை. இன்னோரிடத்தில் மகளைப் பார்க்கலாம் என்றார்கள், மகனுக்கு இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து இடம் இருப்பதாகச் சொன்னது மூன்று ஸ்டேஷன் தள்ளி, அங் மோ கியோவில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். நல்ல பள்ளிதான்.

சேர்ப்பதற்கு முன் பரீட்சை வைத்தார்கள், ஆங்கிலமும் கணக்கும். மகனுக்குச் சிக்கல் இல்லை. ஏழு வயதுக்குத் தொடக்கநிலை ஒன்று, அதில் உட்கார வைத்துவிட்டார்கள். மகள் இரண்டு மணி நேரம் எழுதினாள். வெளியே வந்தபோது முகம் சரியில்லை. "கணக்கு வேற மாதிரி இருக்குப்பா" என்றாள். அவளுக்குப் பின்னம் தெரியும், வகுத்தல் தெரியும். அவர்கள் கேட்பதோ முழுக்கக் கதைக் கணக்கு. அதை நீளநீளமாகக் கட்டம் போட்டுப் பிரித்துப் பார்த்துத் தீர்க்க வேண்டும். அந்த வழியை அவள் கண்டதே இல்லை.

தலைமையாசிரியை ஒரு சீன அம்மாள். அமைதியாகப் பேசினார். வயதுப்படி தொடக்கநிலை ஐந்து தர வேண்டும், ஆனால் நான்கில் போடுகிறேன், அடுத்தடுத்துப் பெரிய பரீட்சைகள் இருக்கின்றன, அவளுக்கு நேரம் வேண்டும் என்றார். ஊரில் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய பெண். நான் ஒப்புக்கொண்டேன். வேறு வழியும் இல்லை. இரண்டு வருடத்துக்கு வீட்டு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, பக்கத்தில் இடமில்லை, இதையும் விட்டால் எங்கே போவது?

நான் செய்த தவறு இனிமேல்தான். ரயிலில் திரும்பும்போது மகளிடம், "இங்க நாலாம் கிளாஸ்னா நம்ம ஊர் ஆறாம் கிளாஸ் மாதிரி, பேர்தான் வேற" என்று சொன்னேன். நம்பினாள். அப்பா சொன்னால் நம்புகிற வயது அது.

முதல் நாள் பள்ளிக்குப் போய்விட்டு வந்து ஒன்றும் பேசவில்லை. வகுப்பில் அவள்தான் உயரம். பக்கத்தில் இருந்த பெண் வயதைக் கேட்டிருக்கிறாள். பத்து நாள் கழித்து, சென்னையில் இருந்த தோழிக்கு அவள் எழுதி வைத்திருந்த கடிதம் மேஜையில் கிடந்தது. படிக்கக்கூடாதுதான், படித்துவிட்டேன். புதுப் பள்ளி பெரிதாக இருக்கிறது, கேன்டீனில் நூடுல்ஸ் விற்கிறார்கள், நான் ஆறாம் வகுப்பில் இருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு, மனைவியிடம்கூடச் சொல்லாமல் கீழே இறங்கிப் போய் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருடம் எங்கள் வீடு நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அப்போது தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டு வேளை. பெரிய வகுப்புகள் காலை ஏழரை முதல் ஒரு மணி வரை, சின்ன வகுப்புகள் மதியம் ஒன்றிலிருந்து மாலை ஆறரை வரை. மகள் காலை, மகன் மதியம். காலை ஆறு மணிக்கு மனைவி மகளோடு கிளம்புவாள். சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே ஏழு மணி சுமாருக்கு. 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துவிட்டார்கள், அதனால் வருடம் முழுவதும் அப்படித்தான். இருட்டில் மகளை விட்டுவிட்டு வந்து சமைத்து, பகல் பதினொன்றரைக்கு மகனோடு கிளம்புவாள். அவனை விட்டு மகளைக் கூட்டி வருவாள். மறுபடி ஐந்தரைக்குப் போய் மகனைக் கூட்டி வருவாள். ஒரு நாளைக்கு மூன்று முறை, போக வர ஆறு ரயில். அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்வது பள்ளி வாசலில் ஐந்து நிமிடம். எனக்கோ ஆபீஸ் அடுத்த ஸ்டேஷன். வீட்டை நான் எனக்காகத்தான் பார்த்தேன் என்று மனைவி ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. காலில் தைலம் தேய்த்துக்கொள்ளும்போது மட்டும் லேசாகப் பெருமூச்சு விடுவாள்.

இதற்கு நடுவில் தமிழ் வந்தது. அங்கே ஆங்கிலத்தோடு தாய்மொழியும் கட்டாயப் பாடம். எங்கள் வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஆனால் மகள் சென்னையில் படித்தது இந்தி. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்ற சட்டமே 2006-இல்தான் வந்தது. அதற்கு முன் தமிழை எழுதப் படிக்கத் தெரியாமலே சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம். இவளுக்குப் பஸ் போர்டு படிக்க வரும், அவ்வளவுதான். இந்தி எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது, ஆனால் அதற்குத் தனியாக வேறிடத்தில் வகுப்பு. மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "தமிழே படிக்கட்டும். இன்னொரு ரயில் என்னால ஏற முடியாது."

அப்போது நாலாம் வகுப்பு முடிவில் ஒரு பரீட்சை வைத்துப் பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரிப்பார்கள். இ.எம். 1, 2, 3 என்று பெயர். ஆங்கிலம், கணக்கு, தாய்மொழி மூன்றையும் பார்ப்பார்கள். மூன்றாம் பிரிவில் விழுந்தால் மேலே ஏறுவது கஷ்டம் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். எங்களுக்கு இருந்தது நான்கு மாதம்.

மனைவி தினமும் 'தமிழ் முரசு' வாங்கினாள். மகள் தலைப்புச் செய்திகளை எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்க வேண்டும், பிறகு பத்து வரி பார்த்து எழுத வேண்டும். முதல் மாதம் அழுகை. இரண்டாம் மாதம் சண்டை. மூன்றாம் மாதம் ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது நான் லிப்ட் என்று சொன்னேன். "மின்தூக்கிப்பா" என்றாள். அந்தப் பாடப் புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். ரயில் பெருவிரைவு ரயில், சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் இடம் உணவங்காடி நிலையம். சென்னையில் பிறந்தவள் தமிழில் என்னைத் திருத்தியது அதுதான் முதல் தடவை. சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

இரண்டாம் பிரிவு கிடைத்தது. பெரும்பாலான பிள்ளைகள் இருப்பதும் அதில்தான். அன்று ராத்திரி நானே அவளிடம் சொன்னேன்: "அன்னிக்கு ரயில்ல நான் சொன்னது பொய்ம்மா. உன்னை ரெண்டு கிளாஸ் இறக்கித்தான் போட்டாங்க." "தெரியும்பா" என்றாள். "முதல் நாளே தெரியும். நீங்க ஏன் முன்னாடியே சொல்லல? சொல்லியிருந்தா நான் அவங்க முன்னாடி அசடு வழிஞ்சிருக்க மாட்டேன்ல." ரயிலில் நான் சொன்னதை அப்படியே பக்கத்துப் பெண்ணிடம் ஒப்பித்திருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. பன்னிரண்டு வயது நிரம்பாத பெண் இதை நான்கு மாதம் மனசுக்குள் வைத்திருந்தாள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரந்தரவாசம் கிடைத்தது. அதை வாங்கினால் மகன் பதினெட்டு வயதில் ராணுவ சேவைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துதான் வாங்கினோம். அதில் எனக்கும் மனைவிக்கும் நடந்த வாக்குவாதம் தனிக் கட்டுரை. 1999-இல் அங் மோ கியோவில் வீடு வாங்கினோம். 1997 நெருக்கடிக்குப் பிறகு விலை இறங்கியிருந்தது. அதிலும் ஒரு தடங்கல். ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று 1989 முதல் ஒரு கணக்கு உண்டு. பள்ளிக்கு எதிர் புளோக்கில் இந்தியர் பங்கு நிரம்பிவிட்டதால், விற்க வந்த சீனரிடம் நாங்கள் வாங்க முடியாது. இன்னொரு இந்தியர் விற்றால்தான் உண்டு. ஏழு மாதம் காத்திருந்து ஒரு பஞ்சாபிக் குடும்பத்திடம் வாங்கினோம். பால் காய்ச்சியபோது மகள் தொடக்கநிலை முடித்து வேறு வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அவள் மறுபடி ரயில் ஏறினாள். மகன் மட்டும் நடந்து போனான்.

நானும் மனைவியும் 2013-இல் திருச்சிக்கே திரும்பிவிட்டோம். மகள் கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். 2024 ஜூலையில் போன் செய்தாள். அவள் பையனைத் தொடக்கநிலை ஒன்றில் சேர்க்கப் பதிவு செய்யும் நேரம். அப்பா அம்மா படித்த பள்ளி என்றால் பிள்ளைக்கு முன்னதாகவே பதிவு செய்ய அங்கே ஒரு கட்டம் உண்டு. "இடம் கிடைச்சிடுச்சுப்பா, நம்ம ஸ்கூல்லயே" என்றாள்.

நம்ம ஸ்கூல் என்று அவள் சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டேன்.

"நடந்தா ஆறு நிமிஷம்பா. நடந்து பார்த்துட்டுதான் வீட்டையே வாங்கினோம்."